குளக்கட்டு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

முள்ளிப்பொத்தானையிலிருந்து: எங்கள் ஊர்க் குளக்கட்டின் வெளிப்புற அடிவாரம் கோடையிலும் ஈரமாகவே கிடக்கிறது. பயப்பட வேண்டுமா ஐயா?

மண்கட்டு என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். ஈரத்தை விட்டுவிட்டுத் தண்ணீரின் நிறத்தைக் கவனியுங்கள். கசிவைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்து, அரைமணி நேரம் அசைக்காமல் வையுங்கள். தெளிவாக இருந்து, நாளுக்கு நாள் அளவும் கூடாவிட்டால் பெரிய கவலை இல்லை. போத்தலின் அடியில் மண் படிந்தால், கட்டுக்குள்ளிருந்து மண் அரிபட்டு வருகிறது. அந்தத் துளை வெளியிலிருந்து குளத்தை நோக்கி உள்ளே வளரும். பெருத்துவிட்டால் மண்மூட்டை அடுக்கி நிற்பாட்ட ஏலாது. அன்றைக்கே நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கும் கமநல சேவை நிலையத்துக்கும் அறிவியுங்கள்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: ஊற்று வாயைக் களிமண்ணால் அடைப்பது. தண்ணீர் வேறு வழி தேடிக்கொள்ளும். மணல், அதன்மேல் சல்லிக்கல் என்று பரப்பினால் தண்ணீர் போகும், மண் நிற்கும்.

பேராற்றிலிருந்து: 1986-ல் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது மாரி வெள்ளத்தாலா?

இல்லை. உடைந்தது ஏப்ரல் 20, விடியப்புறம் மூன்று மணியளவில். வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து வெகுநாள். ஊர் தூக்கத்தில் இருந்தது; நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள், 1,600-க்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன. மிகப் பாரமான வாகனங்களைக் கட்டின்மேல் கொண்டுபோனதும் காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. குளம் நிரம்பி வான் பாயும்போது மட்டும் கட்டைப் பார்க்கப் போகிறவர்கள் அந்தத் திகதியை நினைத்துக்கொள்ளட்டும்.

கந்தளாய்க் குளத்தைக் கட்டியது குளக்கோட்டனா, அக்கபோதியா?

இந்தக் கேள்வி வராத மாதமில்லை! கோணேசர் கல்வெட்டு என்ற தமிழ் நூல் குளக்கோட்டன் என்கிறது. சூளவம்சம் என்ற பாளி வரலாற்று நூல் ஏழாம் நூற்றாண்டின் இரண்டாம் அக்கபோதி மன்னன் என்கிறது. சுமார் 14,000 அடி நீளக் கட்டு அது. ஒரு தலைமுறை போட்ட மண்ணோடு இத்தனை காலம் நின்றிருக்காது. இதற்குமேல் சரித்திர ஆசிரியர்களிடம் கேளுங்கள்.

கட்டில் நிழலுக்கு வேம்பு நடலாமா?

வேண்டாம். மரம் பட்டபின் வேர் உக்கும். அந்த இடம் தண்ணீருக்குப் பாதையாகும். புல் போதும். ஏற்கெனவே பெருத்துவிட்ட மரத்தை நீங்களாகக் கிளப்பாதீர்கள், பொறியியலாளர் வந்து பார்க்கட்டும். கறையான் புற்று, உடும்பு வளை கண்டாலும் சொல்லுங்கள்.

தம்பலகாமத்திலிருந்து: வாய்க்காலின் கடைசியில் என் வயல். தண்ணீர் வந்து சேருவதேயில்லை.

போகம் தொடங்குமுன் விவசாயிகள் கூடும் போகக் கூட்டத்தில் முறைவைத்துப் பாய்ச்சக் கேளுங்கள். முறை கடைசி வயலிலிருந்து தொடங்க வேண்டும் என்றும் கேளுங்கள். அங்கே எடுக்கும் முடிவு எல்லோரையும் கட்டுப்படுத்தும். கூட்டத்துக்குப் போகாமல் இருந்துவிட்டுப் பிறகு தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையைத் திட்டிப் பயனில்லை.