இணையதளத்துக்கு அகரவரிசை அட்டவணை அமைக்கும்போது தமிழ்த் தலைப்புகள் ஏன் முறைமாறி நிற்கின்றன?

அகரவரிசை அட்டவணை என்பது, தளத்திலுள்ள எல்லாக் கட்டுரைகளின் தலைப்புகளையும் எழுத்து முறைப்படி அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் இணைப்புக் கொடுக்கும் தனிப் பக்கமாகும்.

ஆங்கிலத்தில் எளிதாக முடியும் இந்த வேலை தமிழில் தடுமாறக் காரணம், கணினி எழுத்துகளை நம் நெடுங்கணக்கின்படி அறியாமல், உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் வழங்கும் பொது முறையான யுனிகோடு அவற்றுக்குத் தந்துள்ள எண்களின்படியே அறிவதுதான். இந்திய மொழிகளுக்குப் பொதுவாக முன்பு வகுக்கப்பட்ட இஸ்கி முறையைப் பின்பற்றியதால், யுனிகோடில் 'ந'வை அடுத்து 'ன', 'ர'வை அடுத்து 'ற', 'ள'வுக்குப் பின் 'ழ' என அமைந்துவிட்டது. மருத்துவமனையில் வந்தவரின் வயதைப் பாராமல் டோக்கன் எண்படி அழைப்பதைப் போன்றதே இது. பழம், பளு, பனி என்று நிற்க வேண்டிய சொற்கள், வெறும் எண்படி அடுக்கினால் பனி, பளு, பழம் என்று முற்றிலும் தலைகீழாகின்றன. புள்ளிக்குரிய எண்ணும் மெய்யெழுத்துகளுக்கும் உயிர்க்குறிகளுக்கும் பின்னால் இருப்பதால், அகராதியில் 'அகம்' என்பதற்கு முன் வரவேண்டிய 'அக்கம்' பின்னுக்குப் போய்விடுகிறது.

ஆகவே தலைப்புகளைச் சாதாரணமாக அடுக்காமல், இணையப் பக்கங்களுக்கான நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டிலுள்ள 'இன்ட்ல் கொலேட்டர்' போன்ற மொழியறிந்த கருவியிடம் தமிழ் என்று குறிப்பிட்டு ஒப்படைக்க வேண்டும். ககர வரிசையில் தலைப்புகள் குவிந்துவிடும் என்பதால் அதைக் க, கா, கி எனப் பிரிப்பதே வாசகருக்கு உதவும் என்பது என் உறுதியான கருத்து. கட்டுரை எதுவும் இல்லாத எழுத்துப் பிரிவுகளை நீக்கிவிடலாம்.

எழுத்துருவை மாற்றினால் வரிசை சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். எழுத்துரு மாற்றுவது எழுத்தின் தோற்றத்தை மட்டுமே, அதன் எண்ணையோ வரிசையையோ அல்ல.