ஆய்வுகூடம் இல்லாமல் உயிர் மூலக்கூறுகளைப் படிப்பது எப்படி?

கேள்வி: முல்லைத்தீவில் தரம் 12 உயிரியல் படிக்கிறேன். பாடசாலையில் செய்முறைக்கு எதுவும் இல்லை. காபோவைதரேற்று, இலிப்பிட்டு, புரதம் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்கிறேன். வேறு வழி உண்டா?

பதில்:

உண்டு. வேறு யாராவது கேட்டிருந்தால் பேசாமல் போயிருப்பேன். முல்லைத்தீவு என்று பார்த்த பிறகு போக முடியவில்லை.

தம்பியா தங்கச்சியா என்று தெரியவில்லை. உங்கள் பாடசாலை எப்படி இருக்கும் என்று மட்டும் எனக்குத் தெரியும். ஆய்வுகூடம் என்று எழுதிய கதவு இருக்கும். உள்ளே அலுமாரி இருக்கும், அதற்குள் பழைய விடைத்தாள் கட்டுகள் இருக்கும். உயிரியல் ஆசிரியர் கிழமைக்கு இரண்டு நாள் வேறு பாடசாலையிலிருந்து வந்துபோவார். அவரைக் குறை சொல்லாதீர்கள். வருகிறாரே, அதுவே பெரிது.

நான் 2013 இல் உயர்தரம் தொடங்கினேன். மாங்குளம் – முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே தள்ளிய ஒரு கிராமம். எதைக் கண்டறிய எந்தக் கரைசல், என்ன நிறம் வரும் என்று ஆசிரியை கரும்பலகையில் ஓர் அட்டவணை எழுதினார்: மாப்பொருளுக்கு அயடீன், கருநீலம். குளுக்கோசு போன்ற தாழ்த்தும் வெல்லத்துக்குப் பெனடிக்ற், செங்கட்டிச் சிவப்பு. புரதத்துக்குப் பையூரேற்று, ஊதா. மூன்று நிறத்தையும் பாட்டாகவே பாடுவேன். ஒன்றையும் கண்ணால் கண்டதில்லை.

ஒரு முறை பெரிய பாடசாலை ஒன்றில் எங்களுக்கும் சேர்த்துச் செய்முறை வகுப்பு ஒழுங்கு செய்தார்கள். காலை ஆறே காலுக்கு வீதிக்கு வந்து நின்றோம், நான்கு பெண் பிள்ளைகள். பஸ் வந்தது. வெள்ளைச் சீருடையைக் கண்டதும் வேகத்தைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அடுத்ததும் அப்படியே. சீசன் டிக்கெட் பிள்ளைகளை ஏற்றினால் காசு வராது என்பதுதான் காரணம். கேள்விக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பீர்கள், எழுதாமல் இருக்க மனம் வரவில்லை. வன்னிப் பிள்ளைகளின் பெறுபேறு ஏன் குறைவு என்று கூட்டம் போட்டுப் பேசுகிறவர்கள், ஒரு நாள் காலையில் எங்கள் பஸ் தரிப்பிடத்தில் சீருடையோடு நின்று பார்க்க வேண்டும். பத்து மணி வரை நின்றுவிட்டு வீட்டுக்கு நடந்தோம். பெனடிக்ற் சோதனையை நான் பாடசாலைக் காலத்தில் பார்க்கவே இல்லை.

அன்று மாலைதான் வீட்டில் செய்து பார்ப்பது என்று முடிவெடுத்தேன். காயத்துக்குப் போடும் அயடீன் ஒரு சிறிய போத்தல் இருந்தது. அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தார். கிண்ணத்தில் கொஞ்சம் கஞ்சி எடுத்து இரண்டு துளி விட்டேன். நிறம் வரவில்லை. மஞ்சளாகக் கலங்கி அப்படியே கிடந்தது. இதுகூட எனக்கு வாய்க்கவில்லையே என்று அழுகை வந்தது. கிண்ணத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு மாடு கட்டப் போனேன். திரும்பி வந்தபோது கஞ்சி கருநீலமாக இருந்தது. யாரும் தொடவில்லை, எதுவும் சேர்க்கவில்லை. ஆறியிருந்தது, அவ்வளவுதான்.

அந்த நிறம் வந்த காரணத்தைத் தேடித்தான் பாடத்துக்குள் போனேன். மாப்பொருளில் உள்ள அமைலோசு, குளுக்கோசு மணிகளைக் கோத்த நீண்ட சங்கிலி. அது கம்பிச்சுருள் போலச் சுருண்டிருக்கிறது. அந்தச் சுருளின் நடுக்குழிக்குள் அயடீன் போய் உட்கார்ந்தால் கருநீலம். சூட்டில் சுருள் தளர்கிறது, அயடீன் நிற்காது. ஆறினால் மீண்டும் சுருளும், மீண்டும் பிடிக்கும். பாட்டாகப் பாடிய நிறம் ஒரு மூலக்கூறின் வடிவம் என்று அன்று விளங்கியது.

அடுத்த நாள் மாலை இரண்டாவது சோதனைக்கு உட்கார்ந்தேன். ஆறிய கஞ்சியில் உமிழ்நீர் சேர்த்தால் மாப்பொருள் உடையும் என்று புத்தகத்தில் இருந்தது. கிண்ணத்தை வாயருகே கொண்டுபோனதை அம்மா கண்டுவிட்டார். "கஞ்சிக்குள் துப்புகிறாயா?" என்று பறித்துக்கொண்டு உள்ளே போனார். அன்று இரவு என்னோடு பேசவில்லை. 2009 இல் அரிசியும் உப்பும் தண்ணீருமாகக் காய்ச்சிய கஞ்சிக்கு நாங்கள் வரிசையில் நின்றவர்கள். எனக்கு அப்போது 13 வயது. எந்தக் கஞ்சியையும் அம்மா அதற்குப் பிறகு கொட்டியதில்லை. இதை எழுதினால் எல்லாவற்றுக்குள்ளும் போரைக் கொண்டுவருகிறாள் என்று சிலர் சொல்வார்கள். நான் கொண்டுவரவில்லை. எங்கள் வீட்டுக் கஞ்சிக்குள் அது ஏற்கெனவே இருந்தது.

இரண்டு நாள் கழித்து அம்மாவே ஒரு செம்பில் கஞ்சி கொண்டுவந்து வைத்தார். "இது மாட்டுக்கு வைத்தது. இதில் செய்."

மூன்று கிண்ணம் வைத்தேன். ஒன்றில் வெறும் கஞ்சி. ஒன்றில் உமிழ்நீர் சேர்த்த கஞ்சி. மூன்றாவதில், கொதிக்கவைத்து ஆறவிட்ட உமிழ்நீர் சேர்த்த கஞ்சி. இருபது நிமிடம் கழித்து ஒவ்வொன்றிலும் ஒரு துளி அயடீன். முதலாவதும் மூன்றாவதும் கருநீலம். நடுக் கிண்ணம் மட்டும் அயடீனின் மஞ்சளோடு நின்றது. உமிழ்நீரில் உள்ள அமைலேசு என்ற நொதியம் சங்கிலியை வெட்டிவிட்டது, அயடீன் உட்காரச் சுருள் இல்லை. நொதியம் ஒரு புரதம். கொதித்ததும் அதன் வடிவம் குலைந்தது, வேலையும் போனது. அவித்த முட்டை மறுபடி நீராகாது அல்லவா, அதே கதை. புரதம் என்ற தலைப்பில் பாதி அந்த மூன்றாவது கிண்ணத்துக்குள் இருக்கிறது.

உமிழ்நீர் சுத்தமான நொதியக் கரைசல் அல்ல, அளவும் வெப்பநிலையும் கட்டுப்படுத்தவில்லை என்று படித்தவர்கள் திருத்த வருவார்கள். சரிதான். பரீட்சைச் செய்முறையாக இதை எழுதச் சொல்லவில்லை. கண்ணால் கண்டு நம்புவதற்குச் சொல்கிறேன்.

இனி எண்ணுக்கு வாருங்கள், இது முக்கியம். குளுக்கோசில் காபன் 6, ஐதரசன் 12, ஒட்சிசன் 6. இரண்டைக் கூட்டினால் 12, 24, 12 வரவேண்டும். ஆனால் இரண்டு குளுக்கோசு சேர்ந்து உண்டாகும் மோல்ற்றோசில் 12, 22, 11 தான் இருக்கிறது. ஐதரசன் இரண்டும் ஒட்சிசன் ஒன்றும் எங்கே? நீராக வெளியேறிவிட்டன. சேரும்போது நீர் போகும், உடையும்போது நீர் உள்ளே வரும். அமினோ அமிலங்கள் சேர்ந்து புரதமாவதும், கொழுப்பமிலமும் கிளிசரோலும் சேர்ந்து கொழுப்பாவதும், நியூக்கிளியோதைட்டுகள் சங்கிலியாவதும் இதே கணக்குத்தான். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதிப் பாடத்தை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. மிஞ்சியது பெயர்கள். பெயர்களை மனப்பாடம்தான் செய்ய வேண்டும், அதில் பொய் சொல்ல மாட்டேன்.

வைக்கோலும் குளுக்கோசு மணிதான். ஆனால் வைக்கோலில் உள்ள செலுலோசில் மணிகள் வேறு விதமாகப் பிணைந்திருப்பதால் சங்கிலி சுருளாமல் நேராக நிற்கிறது, பக்கத்துச் சங்கிலிகளோடு ஐதரசன் பிணைப்பால் இறுகிவிடுகிறது. நம் உடலில் அதை வெட்டும் நொதியம் இல்லை. மாடும் தானாக வெட்டுவதில்லை, அதன் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் வெட்டிக்கொடுக்கின்றன. கஞ்சியும் வைக்கோலும் ஒரே நெல்லிலிருந்து வந்தவை. பிணைப்பு ஒன்று மாறியதில் ஒன்று நமக்கு, மற்றது மாட்டுக்கு.

உடல் குளுக்கோசைச் சங்கிலியாகச் சேமித்துவைக்கும் கிளைக்கோசன் பற்றிய பந்தியை மட்டும் என்னால் நீண்ட நாள் படித்து முடிக்க முடியவில்லை. ஈரலில் சேமித்த கிளைக்கோசன் சாப்பாடில்லாமல் ஏறக்குறைய ஒரு நாளில் தீர்ந்துவிடும். பிறகு உடல் கொழுப்பை எடுக்கும். ஒரு கிராம் கொழுப்பில் 9 கிலோகலோரி, காபோவைதரேற்றில் 4. கூடவே தசைப் புரதத்தையும் உடைத்து அதிலிருந்து குளுக்கோசு செய்யும், மூளைக்கு அது வேண்டும். 2009 இல் அப்பாவின் முழங்கைக்கு மேலிருந்த சதை எங்கே போனது என்பது எனக்கு நான்கு வருடம் கழித்து ஒரு பாடப்புத்தகத்தில் கிடைத்தது. வாசித்துவிட்டு, விறகு கொத்திக்கொண்டிருந்த அப்பாவைப் போய்ப் பார்த்துக்கொண்டு நின்றேன். கை திரும்பவும் திரண்டிருந்தது.

இப்போது ஓர் ஆய்வுகூடத்தில்தான் வேலை. ஒரு நாளைக்கு எத்தனையோ குருதி மாதிரிகளில் குளுக்கோசு பார்க்கிறேன். இயந்திரம் எண்ணைச் சொல்லிவிடும், நிறம் தேடத் தேவையில்லை.

நீங்கள் நாளைக்கே செய்யலாம். கஞ்சி நன்றாக ஆறட்டும், தடிப்பாக இருந்தால் தண்ணீர் விட்டுக் கரையுங்கள். அயடீன் ஒரு துளி போதும். அயடீன் விட்டதை மாட்டுக்கு ஊற்றாதீர்கள். கஞ்சியை அம்மாவிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.