காற்று சரியில்லாத நாளில் பரண் ஏறாதீர்கள்

மிச்சிகன் மான் வேட்டை: வாசகர் கேள்வி-பதில்

போன இதழில் முதல் வில் வாங்குவது பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மரப்பரண் பற்றியவை. எப்போது ஏறுவது, எங்கே கட்டுவது, எவ்வளவு நேரம் உட்காருவது என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். இந்த இதழை முழுவதும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

அண்ணா, ஜாக்சன் கவுன்ட்டியில் நண்பர் பண்ணையில் வில் வேட்டைக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. ஆபீஸில் ஐந்து நாள்தான் லீவு கொடுப்பார்கள். அக்டோபரில் எடுக்கவா, நவம்பரில் எடுக்கவா?
*வாசகர், ட்ராய்*

நவம்பர்தான் தம்பி, யோசிக்கவே வேண்டாம். 5-ம் தேதிக்கும் 13-ம் தேதிக்கும் நடுவில் வரும் வேலை நாட்களை இப்போதே மேனேஜரிடம் கேட்டு வையுங்கள். வில் காலத்தின் முதல் கட்டம் அக்டோபர் 1-ல் தொடங்கி நவம்பர் 14 வரை. 15-ம் தேதி விடிந்தால் துப்பாக்கிக் காலம் வந்துவிடும், 30 வரை காடு முழுக்க வெடிச் சத்தம்தான். அதற்கு முந்தைய வாரம் உங்களுடையது.

காரணம் இதுதான். தென் மிச்சிகனில் வெள்ளைவால் மான்கள் இணைசேரும் பருவம், இங்கே எல்லோரும் ‘ரட்’ என்கிறார்களே அது, நவம்பர் நடுவில் உச்சத்துக்கு வரும். பகல் நேரம் குறைவதை வைத்துத்தான் மானின் உடம்பு தயாராகிறது. அதனால் வெயிலானாலும் பனியானாலும் தேதி பெரிதாக நகராது. சினைக்காலம் சுமார் 200 நாள்; மே கடைசியிலும் ஜூனிலும் புல் தழைத்திருக்கும்போது குட்டி விழ வேண்டும், அதுதான் கணக்கு. உச்சத்துக்கு முந்தைய நாட்களில் பெட்டைகள் பெரும்பாலும் இன்னும் பருவத்துக்கு வந்திருக்காது, கிடாக்களுக்கோ இருப்புக் கொள்ளாது. ஒரு புதரிலிருந்து அடுத்த புதருக்கு மோப்பம் பிடித்துக்கொண்டு பட்டப்பகலிலேயே நடக்கும். உச்சம் வந்த பிறகு கிடா ஒரு பெட்டையோடு ஒதுங்கிவிடும். ஓரிரு நாள் வெளியே தலைகாட்டாது.

அந்த ஐந்து நாளும் இருட்டோடு ஏறுங்கள், இருட்டிய பிறகு இறங்குங்கள். பத்து மணியானதும் குளிரில் கால் மரத்துப்போய், காருக்குப் போய்க் காபி குடிக்கலாம் என்று தோன்றும். போகாதீர்கள். பத்திலிருந்து இரண்டு மணி வரை மற்ற மாதங்களில் மான் படுத்து அசைபோடும் நேரம். இந்த ஒரு வாரத்தில் மட்டும் பெரிய கிடாக்கள் அப்போதுதான் பெட்டை தேடி நடக்கும்.

அக்டோபரில் போகவே கூடாது என்று சொல்லவில்லை. சனி, ஞாயிறு சாயங்காலம் போங்கள். காலையில் வேண்டாம். இரவெல்லாம் வயலில் மேய்ந்த மான் விடியற்காலையிலும் வயலில்தான் நிற்கும். நீங்கள் டார்ச் அடித்துக்கொண்டு அதன் நடுவே நடந்துபோய் ஏறுவதில் என்ன லாபம்? சாயங்காலமானால் மான் படுக்கையில் இருக்கும்போதே நீங்கள் போய் உட்கார்ந்துவிடலாம். அக்டோபரில் வெள்ளை ஓக் மரத்தைத் தேடுங்கள். இலை விளிம்பு உருண்டிருந்தால் வெள்ளை ஓக், முள்போல் கூராக முடிந்தால் சிவப்பு ஓக். வெள்ளை ஓக்கின் கொட்டையில் துவர்ப்பு குறைவு, அது உதிரும் நாட்களில் மான் சோளத்தைக்கூட விட்டுவிட்டு வரும்.

அதே பண்ணைதான் அண்ணா. மேற்கே மக்காச்சோளம், கிழக்கே கோரை அடர்ந்த சதுப்பு, நடுவில் வடக்கு தெற்காக ஓக் மரங்கள் நிற்கும் மேடு. பரணை எங்கே கட்ட?
*வாசகர், ட்ராய்*

இவ்வளவு விவரமாக எழுதியதற்கு முதலில் சந்தோஷம். பகலில் மான் சதுப்பில் படுத்திருக்கும். சாயங்காலம் மேடு ஏறி, ஓக் கொட்டை பொறுக்கிக்கொண்டு, இருட்டும் நேரத்துக்குச் சோளத்தில் இறங்கும். காலையில் அதே வழியில் திரும்பும். மேட்டின் நடுவில் கட்டலாம் என்றுதான் பார்த்தவுடன் தோன்றும். ஆனால் நம் பக்கம் பெரும்பாலும் காற்று மேற்கிலிருந்து வரும். நடு மேட்டில் உட்கார்ந்தால் உங்கள் வாசனை நேராகச் சதுப்புக்குள், மான் படுத்திருக்கும் இடத்துக்கே போகும். படுக்கையை விட்டு எழுவதற்கு முன்பே அதற்கு விஷயம் தெரிந்துவிடும்.

அதனால் இரண்டு பரண் கட்டுங்கள். வடக்கு, வடமேற்குக் காற்றுக்கு மேட்டின் தென்கோடியில் ஒன்று, தெற்குக் காற்றுக்கு வடகோடியில் இன்னொன்று. கிழக்குக் காற்று அபூர்வம். அது அடிக்கும் சாயங்காலம் நடு மேட்டில் உட்காரலாம். நேர் மேற்குக் காற்றா? வீட்டில் இருங்கள். லீவு போட்டிருந்தாலும் சரி, கிடா படம் கேமராவில் விழுந்திருந்தாலும் சரி. ஒரு பரணில் உங்கள் வாசனை பட்டுவிட்டால் வயதான பெட்டை பல நாள் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் முதலில் அந்த மரத்தை அண்ணாந்து பார்க்கும். நல்ல பரணை நவம்பர் வரை கெடாமல் வைத்திருப்பதுதான் பாதி வேட்டை.

போன் சொல்லும் காற்றுத் திசை விமான நிலையத்துக்குச் சரி, மரத்துக்குப் போதாது. செப்டம்பர் கடைசியில் சாலையோரம் மில்க்வீட் செடியில் காய் முற்றியிருக்கும், வெடிப்பதற்கு முன் நாலு காய் பறித்து வையுங்கள். உள்ளே நம் ஊர் எருக்கம் பஞ்சேதான்; இரண்டும் ஒரே குடும்பம். பரணில் உட்கார்ந்து ஒரு இழையை விரலிலிருந்து விடுங்கள். காலையில் வெயில் ஏறியதும் காற்று மேட்டின் சரிவில் மேலே எழும், பஞ்சும் கிளைகளுக்கு மேலே போய்விடும். சாயங்காலம் நிழல் விழுந்த அரை மணியில் அதே இடத்தில் விட்டுப் பாருங்கள். வடமேற்குக் காற்றென்றால் முதலில் தென்கிழக்காகப் போகும், இருபது கஜம் தாண்டியதும் தயங்கும், அப்புறம் மெல்லத் திரும்பிப் பள்ளத்தைப் பார்த்து இறங்கிச் சதுப்போரக் கோரையில் போய் ஒட்டிக்கொள்ளும். குளிர்ந்த காற்று தண்ணீர்போல் பள்ளம் தேடும். உங்கள் வாசனையும் அந்த வழியாகத்தான் போகிறது. பஞ்சு போய் விழும் இடத்தில் மான் நடக்கும் தடம் இருந்தால் அந்த மரம் சாயங்காலத்துக்கு உதவாது.

உயரம் 18-20 அடி போதும். 30 அடிக்கு ஏறுகிறவர்கள் உண்டு. அங்கிருந்து அம்பு செங்குத்தாக இறங்கும், இரண்டு நுரையீரலிலும் படுவது கஷ்டமாகிவிடும். உயரத்தைவிட முதுகுக்குப் பின்னால் அடர்த்தியான மரமோ கிளைகளோ இருப்பது முக்கியம். வானத்தை முதுகுக்கு வைத்து உட்கார்ந்தால் சின்ன அசைவும் தெரியும்.

அண்ணா, என் வீட்டுக்காரர் விடிகாலை மூன்றரைக்கே எழுந்து போய்விடுகிறார். மரத்தின்மேல் தூங்கி விழுந்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. தவிர, வீட்டில் தாளிப்பு வாசனை துணியில் ஏறுகிறது என்று என்னோடு சண்டை வேறு.
*வாசகி, கேன்டன்*

உங்கள் பயம் நியாயமானது தங்கச்சி. வேட்டையில் துப்பாக்கிக்குப் பயப்படுகிற அளவுக்குப் பரணுக்கு யாரும் பயப்படுவதில்லை. விழுந்து முதுகெலும்பு முறிந்தவர்களை எனக்குத் தெரியும். அவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். உடம்பு முழுவதும் மாட்டும் ஹார்னஸ், அதாவது விழாமல் தாங்கும் பாதுகாப்பு வார், கட்டாயம். அதுவும் மேலே போய் மாட்டினால் போதாது. ஏறும்போதும் இறங்கும்போதும்தான் பலர் விழுகிறார்கள். மரத்தின் உச்சியிலிருந்து தரை வரை தொங்கும் லைஃப்லைன் கயிறு வாங்கி, கால் தரையை விட்டு எழுவதற்கு முன்பே அதில் கொக்கியை மாட்ட வேண்டும். வில்லைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறக் கூடாது, கயிறு கட்டித் தூக்க வேண்டும். துப்பாக்கியானால் தோட்டா இல்லாமல், குழல் கீழ்நோக்கி இருக்கும்படி. பரணை மரத்தோடு கட்டி வருஷம் முழுவதும் அங்கேயே கிடந்த வார்களை ஆகஸ்டில் பார்த்து மாற்றிவிட வேண்டும், அணில் கடித்திருக்கும். எந்த மரத்தில் இருக்கிறார், எத்தனை மணிக்கு இறங்குவார் என்று உங்களுக்கு மெசேஜ் போட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும்.

தாளிப்பு விஷயத்தில் அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் சண்டை தேவையில்லை. வேட்டைத் துணியை வாசனையில்லாத சோப்பில் துவைத்து, மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு கராஜில் வைக்கட்டும். காட்டுக்குப் போய், காருக்கு வெளியே நின்று மாற்றிக்கொள்ளட்டும். அப்புறம் ஒன்று சொல்லுங்கள்: மனுஷ வாசனையே மானுக்குப் போதும். ஸ்ப்ரே எத்தனை அடித்தாலும், மான் பக்கமிருந்து நம் பக்கம் காற்று வரும் இடத்தில் உட்காராமல் தப்ப முடியாது.

நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். துப்பாக்கி வேட்டைக்குப் போகலாமா?
*வாசகர், நோவை*

கவனமாகப் படியுங்கள். உங்களைப்போல் தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்திய அரசுச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. உரிமம் இல்லாமல் நண்பரோடு ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போய் விளையாட்டாகக் கையில் வாங்கினாலும் சிக்கல்தான். இமிக்ரேஷன் வக்கீலிடம் கேட்ட பிறகே துப்பாக்கியைத் தொடுங்கள். வில்லுக்கு இந்தத் தடை கிடையாது, உரிமம் மட்டும் வேண்டும். 1960 ஜனவரி 1-லோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புச் சான்றிதழ் எடுக்க வேண்டும். அதுவரை அனுபவமுள்ள ஒருவர் கூடவே இருக்க ‘அப்ரென்டிஸ்’ உரிமத்தில் போகலாம்.

துப்பாக்கிக் காலத்துக்கு ஆரஞ்சு உடுப்பு கட்டாயம். மானுக்கு அந்த நிறம் பளிச்சென்று தெரியாது. நீலம்தான் நன்றாகத் தெரியும். ஜீன்ஸைத்தான் வீட்டில் விட்டுவிட்டு வர வேண்டும்.

நிலா காலண்டர் பார்த்து நாள் குறிக்கலாமா? பரணுக்கு முன்னால் சோளமும் ஆப்பிளும் கொட்டி வைக்கலாமா?
*வாசகர், ஆன் ஆர்பர்*

நிலாவை நான் பார்ப்பதில்லை. வடமேற்கிலிருந்து குளிர் இறங்கி, வெப்பநிலை சட்டென்று விழுந்த மறுநாளுக்காகக் காத்திருப்பேன்.

இரை கொட்டுவது கூடாது. நம் ஊர்களெல்லாம் இருக்கும் மிச்சிகனின் கீழ்த் தீபகற்பத்தில் 2019 முதல் அதற்குத் தடை. மான்களை மெலிய வைத்துக் கொல்லும் சி.டபிள்யூ.டி. நோய் இங்கம் கவுன்ட்டிக் காட்டு மானிடம் 2015-ல் கண்டுபிடிக்கப்பட்டது. எச்சில் வழியாகவும் பரவும், மருந்து கிடையாது. ஒரே குவியலில் பத்து மான் வாய் வைத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். நம் காட்டின்மேல் அக்கறை இருப்பவன் அதைச் செய்ய மாட்டான்.

இந்த உத்திகள் முதுமலைப் பக்கம் புள்ளிமானுக்கு ஒத்துவருமா?
*வாசகர், கோயம்புத்தூர்*

வேண்டாம் ஐயா. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், சிறை உண்டு. இங்கே நிலைமை வேறு. தென் மிச்சிகனில் ஓநாய் இல்லை, மான் பெருகிக் கிடக்கிறது. மானும் காரும் மோதும் விபத்து மாநிலத்தில் ஆண்டுக்கு 50,000-க்கும் மேல். எத்தனை மான் எடுக்கலாம் என்று அரசே உரிமம் கொடுத்துக் கணக்கு வைக்கிறது. முதுமலையில் பரண் ஏற ஆசையாக இருந்தால் பைனாகுலரோடு, வனத்துறை அனுமதித்த காட்சிக் கோபுரத்தில் ஏறுங்கள்.

மான் இருபது கஜத்தில் வந்து நின்றால் கை நடுங்குகிறது அண்ணா. எப்போது வில்லை இழுப்பது? அம்பு பட்ட பிறகு உடனே இறங்கலாமா?
*வாசகர், ஃபார்மிங்டன் ஹில்ஸ்*

அதன் தலை ஒரு மரத்துக்குப் பின்னால் மறையும்போது இழுங்கள். உங்களைப் பார்த்து நேராக நிற்கும் மான்மீது விடவே கூடாது. பக்கவாட்டில், இன்னும் நல்லது சற்று உங்களைவிட்டு விலகித் திரும்பி நிற்கும்போது, எதிர்ப்பக்க முன்னங்காலைக் குறிவைத்து விடுங்கள். வாயால் மெதுவாக ‘ம்மே’ என்றால் நடந்துகொண்டிருக்கும் மான் ஒரு கணம் நிற்கும். அந்த ஒரு கணம் போதும்.

உடனே இறங்காதீர்கள். கடைசியாக அது எந்த மரத்தைத் தாண்டியது என்று மனசில் குறித்துக்கொண்டு அரை மணி நேரம் அப்படியே இருங்கள். அப்புறம் இறங்கி அம்பை எடுத்துப் பாருங்கள். இளஞ்சிவப்பில் நுரைத்த ரத்தம் என்றால் நுரையீரல். பெரும்பாலும் நூறு, நூற்றைம்பது கஜத்துக்குள் விழுந்திருக்கும். கருஞ்சிவப்பு என்றால் கல்லீரல், நாலைந்து மணி நேரம் பொறுங்கள். அம்பில் பச்சையாகச் சக்கை ஒட்டி நாறினால் வயிற்றில் பட்டிருக்கிறது. சத்தம் போடாமல் வந்த வழியே திரும்பிப் போய்விடுங்கள். எட்டு, பத்து மணி நேரம் கழித்து வாருங்கள். விரட்டாவிட்டால் அது பக்கத்துப் புதரிலேயே படுத்து உயிர்விடும். விரட்டினால் இரண்டு மைல் போய் யாருக்கும் கிடைக்காமல், அதுவும் வதைபட்டுச் சாகும். அந்த வலிக்கு நாம்தான் பொறுப்பு. அதனால் சந்தேகமிருந்தால் காத்திருங்கள், சந்தேகமிருந்தால் அம்பையே விடாதீர்கள்.

மான் கிடைத்ததும் உரிமச் சீட்டை அதில் கட்டி, 72 மணி நேரத்துக்குள் மாநில இயற்கை வளத் துறையின் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள், 2022 முதல் அது கட்டாயம். ஜாக்சன், இங்கம் பக்கத்து மான் என்றால் தலையைச் சி.டபிள்யூ.டி. சோதனைக்குக் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை கறியை ஃப்ரீசரில் தனியாக வையுங்கள். கறி சமைப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு அடுத்த இதழில்.