கன்சல்டன்சி பேரில் ஆதார் இருக்கிறதா?

கேள்வி: சார், அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் சின்னதாக ஒரு மேன்பவர் கன்சல்டன்சி நடத்துகிறேன். நானும் இரண்டு பெண்களும்தான். கம்பெனி பேரிலேயே ஃபேஸ்புக்கில் அக்கவுன்ட் திறந்து வேகன்ஸி போட்டுக்கொண்டிருந்தோம். 5,000 ஃப்ரெண்ட்ஸ் ஆனதும் மேலே யாரையும் சேர்க்க முடியவில்லை, போன மாதம் அக்கவுன்ட்டே லாக் ஆகிவிட்டது. பேஜ் ஆரம்பியுங்கள் என்கிறார்கள். ஃபேஸ்புக்கா, லிங்க்டுஇன்னா? துபாய், சிங்கப்பூர் வேலைகளும் போடலாமா?
- வாசகி, அம்பத்தூர்

பதில்: லாக் ஆனால் அடையாள அட்டை கேட்பார்கள். கன்சல்டன்சி பேரில் யாருக்கு ஆதார் இருக்கிறது? அங்கேதான் நம் ஆட்கள் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். ஃபேஸ்புக்கில் அக்கவுன்ட் என்பது ஆளுக்கு, அதுவும் சொந்தப் பேரில். கடைக்கும் கம்பெனிக்கும் பேஜ்தான், 2007-லிருந்தே அப்படித்தான். பேஜுக்கு 5,000 என்ற வேலியும் கிடையாது. போனது போகட்டும், உங்கள் சொந்த அக்கவுன்ட்டிலிருந்து பேஜ் ஆரம்பியுங்கள், உள்ளே யார் அட்மின் என்பது வெளியில் பார்ப்பவர்களுக்குத் தெரியாது. பேர் வைக்கும்போது வெறுமனே 'சென்னை ஜாப்ஸ்' என்று வைக்காதீர்கள். ஊர்ப்பேர், பொதுப்பேர் மட்டும் வைத்தால் ஃபேஸ்புக் விதிப்படி செல்லாது, உங்கள் போர்டில் என்ன இருக்கிறதோ அதுவே இருக்கட்டும்.

எதில் என்று கேட்டீர்கள். யாரைத் தேடுகிறீர்களோ அவர்கள் இருக்கும் இடத்தில். ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஐ.டி.ஐ., டிப்ளமோ பையன்களை அனுப்புகிறீர்கள் என்றால் ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் போதும். ஓ.எம்.ஆர். கம்பெனிக்கு நாலு வருஷ அனுபவத்தோடு ஆள் வேண்டுமென்றால் லிங்க்டுஇன். அங்கேயும் முதலில் உங்கள் சொந்த புரொஃபைல் ஒழுங்காக இருந்தால்தான் கம்பெனி பேஜ் திறக்க முடியும். இரண்டிலும் ஒரே நேரத்தில் இறங்கி இரண்டையும் காயப்போடுவதைவிட ஒன்றை ஆறு மாதம் உருப்படியாக நடத்திப் பாருங்கள்.

பேஜ் திறப்பது பத்து நிமிஷ வேலை. அதில் என்ன எழுதுகிறீர்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நானும் ஒரு கன்சல்டன்சியில் ஆறு வருஷம் குப்பை கொட்டியவன், 'அர்ஜென்ட் ஓப்பனிங், நல்ல சம்பளம், உடனே அழைக்கவும்' என்று நானே நூறு போஸ்ட் போட்டிருப்பேன். அத்தனைக்கும் வரும் போன் ஒன்றுதான்: "அண்ணா, சம்பளம் எவ்வளவு, பஸ் வருமா?" அதையே போஸ்ட்டில் எழுதியிருந்தால் பாதி போன் மிச்சம். எந்த ஏரியா, எத்தனை ஷிஃப்ட், பஸ் தாம்பரத்திலிருந்தா பூந்தமல்லியிலிருந்தா, கேன்டீன் உண்டா, எத்தனை பேர் வேண்டும், கடைசித் தேதி என்ன, எல்லாம் எழுதுங்கள். சம்பளத்தைக் கைக்கு வரும் தொகையாகவே போடுங்கள். 18,000 என்று சொல்லிவிடுகிறோம். அதில் பேஸிக் 15,000 என்றால் பி.எஃப். 12 சதவீதம் 1,800 போகும், மொத்தச் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் 135 போகும், கைக்கு வருவது 16,065. முதல் மாதச் சம்பளம் வந்த அன்று அந்தப் பையன் யாரைத் திட்டுவான்? கம்பெனியை இல்லை, உங்களைத்தான். ஆள் எடுத்து முடிந்ததும் அதே போஸ்ட்டில் 'முடிந்தது' என்று திருத்திவிடுங்கள், யாரும் செய்வதில்லை.

'ஆண்கள் மட்டும்' என்று போடச் சொல்லி சில ஹெச்.ஆர். கேட்பார்கள். வேலைக்கு எடுப்பதில் பெண் என்பதற்காக ஒதுக்கக் கூடாது என்று 1976-ம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்திலேயே இருந்தது, 2019-ம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. உங்கள் பேஜில் வருவது உங்கள் தலையில்தான் விடியும்.

அப்புறம், 'விருப்பமுள்ளவர்கள் கமென்ட்டில் நம்பர் போடவும்' என்று மட்டும் எழுதவே எழுதாதீர்கள். அந்த நம்பர்களைப் பொறுக்கவே ஒரு கூட்டம் அலைகிறது. நான் இருந்த ஆபீஸின் லோகோவை அப்படியே சுட்டு எவனோ ஒரு பேஜ் போட்டு, எங்கள் கமென்ட்டில் நம்பர் போட்ட பையன்களுக்கே போன் செய்து ரிஜிஸ்ட்ரேஷன் என்று 1,500 ரூபாய் வாங்கிவிட்டான். விழுப்புரத்திலிருந்து நாலு பேர் பையைத் தூக்கிக்கொண்டு கிண்டிக்கு வந்து ரிசப்ஷனில் நின்றார்கள், "சார், பணம் கட்டிட்டோம், எப்ப ஜாயின் பண்றது?" என்று. என்ன பதில் சொல்வது? அன்றைக்கே பேஜின் உச்சியில் ஒரு போஸ்ட்டைப் பின் செய்து வைத்தோம்: நாங்கள் யாரிடமும் பணம் வாங்குவதில்லை, எங்கள் ஒரே நம்பர் இது, அலுவலக முகவரி இது. நீங்கள் முதல் நாளே செய்துவிடுங்கள். ஆனால் நிஜமாகவே வாங்காமல் இருக்க வேண்டும், அது வேறு கதை.

விண்ணப்பிப்பவர் இன்பாக்ஸுக்கோ வாட்ஸ்அப்புக்கோ வரட்டும். வாட்ஸ்அப் பட்டனை பேஜிலேயே வைக்கலாம். பேஜிலிருந்து நாமாக யாருக்கும் முதல் மெசேஜ் அனுப்ப முடியாது, அவர்கள்தான் தொடங்க வேண்டும், அதனால் பட்டன் கண்ணில் படும்படி இருக்கட்டும். ராத்திரி வருகிற மெசேஜுக்கு மெட்டா பிசினஸ் சூட்டில் (பேஜை நிர்வகிக்க ஃபேஸ்புக்கின் தாய் கம்பெனியே தரும் கருவி) தானியங்கி பதில் வைக்கலாம், 'காலை 10 மணிக்கு அழைக்கிறோம்' என்று. சொன்னால் அழைக்க வேண்டும். வரும் ரெஸ்யூம்களைக் கண்ட குரூப்பில் தள்ளாதீர்கள், தனிநபர் தரவுக்கென்று 2023-ல் ஒரு சட்டமே வந்திருக்கிறது.

துபாய், சிங்கப்பூர் வேண்டாம். லைசன்ஸ் இருந்தால் போடுங்கள், ஆனால் இருந்திருந்தால் இந்தக் கேள்வியே கேட்டிருக்க மாட்டீர்கள். 1983-ம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க மத்திய அரசிடம் பதிவு செய்த ஏஜென்டாக இருக்க வேண்டும், அவர்கள்கூட ஒருவரிடம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். பெரிய ஏஜென்டுக்கு சப்-ஏஜென்ட் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. யாராவது கேட்டால் வெளிநாட்டு வேலைக்கான மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தையோ, 1978-லிருந்து இயங்கும் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தையோ கைகாட்டிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் பேஜுக்கு 5,000 லைக் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?
- வாசகர், தி.நகர்

பதில்: அந்த 5,000 பேரில் ஒருவராவது நாளைக்குப் பல்லாவரத்தில் நடக்கிற வாக்-இன்னுக்கு வருவாரா என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் ரெக்ரூட்டர் பெண்தான் பேஜ் திறந்தார். இப்போது வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். எங்களால் போஸ்ட் போட முடிகிறது, ஆனால் வேறு யாரையும் சேர்க்கவோ அவரை நீக்கவோ முடியவில்லை.
- வாசகர், வேளச்சேரி

பதில்: முழுக் கட்டுப்பாடு அவர் கையில், உங்களுக்கு வேலை செய்யும் உரிமை மட்டும். கோபமாக மெயில் போடாமல் போன் செய்து பேசுங்கள், அவருக்குத் தர வேண்டிய பாக்கி ஏதும் இருந்தால் முதலில் அதைத் தீர்த்துவிடுங்கள் (பாதி கேஸில் பிரச்சினையே அதுதான்). அவர் உங்கள் சொந்த அக்கவுன்ட்டுக்கு முழுக் கட்டுப்பாடு தந்துவிட்டால், நீங்களே அவரை நீக்கலாம். பிறகு வீட்டிலோ பார்ட்னரிலோ இன்னொருவருக்கும் அதே உரிமை கொடுங்கள், உங்கள் போன் தொலைந்தால் அவர் இருப்பார். இருவருமே இரண்டடுக்குப் பாதுகாப்பைப் (பாஸ்வேர்டோடு இன்னொரு கோடும் கேட்பது) போட்டுக்கொள்ளுங்கள். அடுத்து வரும் ரெக்ரூட்டருக்கு போஸ்ட் போடவும் மெசேஜ் பார்க்கவும் உரிமை போதும், அவர் ரிலீவ் ஆகும் நாளில் ஐ.டி. கார்டோடு சேர்த்து அதையும் வாங்கிக்கொள்ளுங்கள்.