அலாய் வீலின் முகத்தைப் பார்க்காதீர்கள், முதுகைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் பயண டிரெய்லருக்கு இரண்டு ஆக்சில். ஒவ்வொன்றும் 3500 பவுண்டு தாங்கும் என்று தகட்டில் இருக்கிறது. இரும்பு வீல்கள் துருப்பிடித்துவிட்டன. அலுமினிய வீலுக்கு, அதாவது அலாய் வீலுக்கு மாறலாம் என்று போனால், கடைக்காரர் கார் வீல் ஒரு செட்டைக் காட்டி, "ஐந்து ஓட்டையும் பொருந்தும், அலுமினியம் இரும்பைவிட உறுதி" என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அவர் கடையில் தேங்கிக் கிடப்பதை உங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார்.

3500 பவுண்டை இரண்டு வீலுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 1750, அதாவது சுமார் 794 கிலோ. வீலின் பின்பக்கத்தில் அதற்குக் குறையாத சுமை எண் பொறித்திருக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியும் அடுப்பும் ஒரே பக்கம் இருந்தால் அந்தப் பக்கம் கூடுதலாகவே அழுந்தும். அதனால் கொஞ்சம் தாராளமான எண்ணாகப் பாருங்கள். எண்ணே இல்லையா? பேச்சை வளர்க்காமல் கிளம்பிவிடுங்கள். இந்த ஒரு எண்ணைப் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டால் தயாரிப்பாளர்களுக்கு என்ன குறைந்துவிடும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. பளபளப்பைப் பற்றி மட்டும் பத்து வரி எழுதுகிறார்கள்.

ஓட்டை விஷயத்துக்கு வருவோம். போல்ட் ஓட்டைகளின் மையங்கள் வழியாக ஒரு வட்டம் போட்டால், ஐந்து ஓட்டையிலேயே 4.5 அங்குல வட்டம் உண்டு, 4.75 அங்குல வட்டமும் உண்டு. வித்தியாசம் ஆறு மில்லிமீட்டர்தான், கண்ணுக்குத் தெரியாது. அளந்து குழம்புவதைவிடப் பழைய வீலைக் கையோடு எடுத்துப் போங்கள். ஓட்டை பொருந்தினாலும், கார் வீல் பொதுவாக உள்பக்கமாகத் தள்ளி உட்காரும். டிரெய்லர் வீல் பெரும்பாலும் நடுவில் உட்காரும். மாற்றிப் போட்டால் டயர் சட்டத்தில் உரசலாம். உடனே "நடுவில் ஒரு ஸ்பேசர் வைத்தால் போதும்" என்பார்கள், அதாவது வீலை வெளியே தள்ளும் தட்டு. அதற்கும் தலையாட்டாதீர்கள்.

ஸ்டெப்னி மட்டும் இரும்பாகவே இருக்கலாம், தப்பில்லை. ஆனால் இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அலுமினிய வீல் தடிமன். இரும்பு வீல் மெல்லியது. அலாய் வீலோடு தரும் நட்டு பெரும்பாலும் தலை மூடியது. அதையே இரும்பு வீலில் முடுக்கினால், போல்ட்டின் நுனி மூடிய தலையில் போய் முட்டி நின்றுவிடும். கைக்கு இறுகியது போலத் தெரியும், வீல் ஆடிக்கொண்டிருக்கும். நட்டு வீலில் உட்காரும் சாய்வும் ஒத்துப்போக வேண்டும். பழைய இரும்பு வீல் நட்டுகளைத் தூக்கிப் போடாமல் ஸ்டெப்னியோடு ஒரு பையில் கட்டி வையுங்கள். இப்போதே ஒருமுறை ஸ்டெப்னியை மாட்டிப் பார்த்துவிடுங்கள். நடுரோட்டில் மழையில் நின்று பார்ப்பதைவிட அது மேல்.

மாட்டிய பிறகு டார்க் ரென்ச்சால், அதாவது இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனரால், நட்சத்திர வரிசையில் (அடுத்தடுத்த நட்டாக இல்லாமல் எதிரெதிராக) முடுக்குங்கள். எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற அளவு டிரெய்லர் கையேட்டில் இருக்கும். அரை அங்குல போல்ட்டுக்கு வழக்கமாக 90 முதல் 120 அடி-பவுண்டு. அலுமினியம் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் அமுங்கிக்கொடுக்கும். அதனால் 15, 40, 80 கிலோமீட்டரில் நிறுத்தி மறுபடி முடுக்க வேண்டும். விற்பவர் யாரும் இதைச் சொல்வதில்லை.

அப்புறம் வால்வு. உங்கள் டயர் 80 பிஎஸ்ஐ காற்று கேட்பதானால் சாதாரண ரப்பர் வால்வு ஆகாது. அது 65 வரைதான். உயர் அழுத்த வால்வு கேட்டு வாங்குங்கள். வீலும் அந்த அழுத்தத்தைத் தாங்குமா என்று அதே மூச்சில் கேட்டுவிடுங்கள்.