வெல்லக்கூடியவரா, விருப்பமானவரா?

வணக்கம். அமெரிக்க ஜனநாயகக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதன்மைத் தேர்தலில், மனத்துக்கு நெருக்கமானவரை விட்டு, நவம்பர் பொதுத்தேர்தலில் வெல்லக்கூடியவர் என்று பிறர் சொல்பவருக்கு வாக்களிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கணிப்பை நான் அவ்வளவாக நம்புவதில்லை. 2004இல் அயோவா மாநில ஜனநாயகக் கட்சி வாக்காளர்கள் பலர், போர்முனை கண்ட ஜான் கெர்ரியே அன்றைய அதிபர் புஷ்ஷை வீழ்த்துவார் என்று கருதி, அதே கட்சியில் போட்டியிட்ட ஹோவர்ட் டீனை ஒதுக்கியும் கெர்ரி தோற்றார். 2016இல் வெல்லவே முடியாதவர் எனப்பட்ட டிரம்ப் வென்றார். (2020இல் பைடன் விஷயத்தில் கணிப்பு பலித்ததையும் மறைக்க மாட்டேன்.) மாநில அளவில் நிலைமை வேறு: 2010இல் டெலவேர் குடியரசுக் கட்சியினர், ஆளுநராகவும் இருந்து மாநிலம் முழுவதும் பலமுறை வென்ற மைக் காசிலைத் தள்ளிவிட்டு கிறிஸ்டின் ஓடானலை வேட்பாளராக நிறுத்தி, கைக்கெட்டிய செனட் இடத்தை இழந்தனர். ஆகவே, மாற்றுக்கட்சி வாக்குகளை உண்மையில் முன்பு பெற்றவர் யார் என்று பாருங்கள். இருவருமே பெற்றதில்லை என்றால் விருப்பமானவருக்கே வாக்களியுங்கள்.