பரணில் இருக்கும் மரத்தை என்ன செய்வது?

கேள்வி: எங்கள் ஐந்தடி பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரம் வாங்கி ஏழு வருடமாகிறது. இலைகள் உதிர்கின்றன, இரண்டு கிளைகள் தொங்கிவிட்டன. இனி பிளாஸ்டிக்கே வேண்டாம், நர்சரியில் தொட்டியோடு விற்கும் அரக்கேரியா என்ற ஊசியிலை மரத்தை வாங்கலாம் என்கிறாள் மகள். வாங்கலாமா?
– வாசகி, கடலூர்

பதில்: மகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பழைய மரத்தை இப்போதே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிளாஸ்டிக் மரத்தால் வரும் கெடுதலில் பெரும்பங்கு அதைத் தயாரிக்கும்போதே நடந்து முடிந்துவிடுகிறது. கார்பன் வெளியீட்டைக் குறைக்க ஆலோசனை சொல்லும் பிரிட்டனின் கார்பன் டிரஸ்ட் அமைப்பு போட்ட கணக்கில், ஆறரை அடி பிளாஸ்டிக் மரத்தால் சுமார் 40 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. அதே உயர நிஜ மரம் குப்பைக் கிடங்குக்குப் போனால் 16 கிலோ. அங்கே காற்றுப் படாமல் அழுகி மீத்தேன் கிளம்புவதால்தான் அவ்வளவு. தூளாக்கி மண்ணில் போட்டால் மூன்றரைக் கிலோவோடு முடிந்துவிடும். ஆக, பிளாஸ்டிக் மரத்தைப் பத்துப் பன்னிரண்டு வருடமாவது வைத்திருக்க வேண்டும். தொங்கும் கிளைகளைக் கட்டுக்கம்பியால் இறுக்குங்கள், இலை உதிர்ந்த பக்கத்தைச் சுவரோரம் திருப்புங்கள். உதிர்ந்ததைக் கூட்டி எரிக்க மட்டும் வேண்டாம். இந்த மரங்கள் பெரும்பாலும் பி.வி.சி.யில் செய்தவை, புகையில் டையாக்சின் போன்ற நச்சு வரும்.

அரக்கேரியா நல்ல மரம்தான். டிசம்பருக்குப் பிறகும் வளர்க்க இடமும் பொறுமையும் இருந்தால் வாங்குங்கள். பண்டிகை நாட்களுக்கு மட்டும் வீட்டுக்குள் வைத்துவிட்டு, அப்புறம் நல்ல வெளிச்சத்துக்கு மாற்றிவிட வேண்டும். தரையில் நட்டால் மிக உயரமாக வளரும், மேலே மின்கம்பி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஒன்று வாங்கிக் காயவிடுவதாக இருந்தால் வேண்டவே வேண்டாம்.

உங்கள் பக்கம் சவுக்குத் தோப்புகள் உண்டே! கம்புக்காக மரம் வெட்டும்போது நுனிக்கிளைகள் மிஞ்சும். ஒன்றைக் கேட்டு வாங்கி, வாளி மணலில் ஊன்றினால் அழகான மரம். பண்டிகை முடிந்ததும் ஜோடனைகளைக் கழற்றிவிட்டுக் காயவைத்தால் விறகாகும். பழைய மரம் இனி உதவாது என்கிற வருடம் வந்தால், என் ஓட்டு இதற்குத்தான்.

கிறிஸ்துமஸ் குடிலுக்குத் தெர்மாகோல் வாங்காதீர்கள். அலங்காரத் தெர்மாகோலுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. வைக்கோலும் பழைய அட்டைப்பெட்டியும் போதும். பரிசு சுற்றும் தாளிலும் மினுமினுப்புத் தூள் ஒட்டியதைத் தவிருங்கள். அந்தத் தூள் பெரும்பாலும் பிளாஸ்டிக், தாளோடு மறுசுழற்சிக்கும் போகாது.